212-ஆம் நம்பர் அம்மா

எனக்குச் சாயாவில் சர்க்கரை வேண்டாம் சார். மட்டாஞ்சேரியில் எல்லோருக்கும் தித்திப்பாகத்தான் வேண்டும், எனக்கு ஆகாது.

என் பெயர் திரிபுரசுந்தரி. குழந்தைகள் காப்பகத்தில் கம்ப்யூட்டர் வேலை. முதலில் அந்த வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஓர் அட்டவணை, அம்மாக்களுக்கு ஓர் அட்டவணை. ஒவ்வோர் அம்மாவுக்கும் ஒரு நம்பர். அதே நம்பர் குழந்தையின் வரியிலும் இருக்கும். யார் பிள்ளை யார் என்று கம்ப்யூட்டருக்குத் தெரிவது அதை வைத்துத்தான்.

பாண்டிச்செல்வியின் நம்பர் 212. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கலூரில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். மஞ்சள்காமாலையில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூன்று வயது மகள் இசக்கிசெல்வியை எங்களிடம் கொண்டுவந்து விட்டார்கள். என் மகள் அதிதி காய்ச்சலில் போய் அப்போது ஏழு மாதம். அந்தப் பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னால் தாங்க முடியவில்லை சார்.

நான் யாரையும் அழிக்கவில்லை. அம்மாவின் வரி இருக்கிறது, பிள்ளையின் வரியும் இருக்கிறது. பிள்ளையின் வரியிலிருந்து 212-ஐ மட்டும் எடுத்தேன். பெயரை அதிதி என்று மாற்றினேன். யாருமில்லாத குழந்தை என்று என்னிடமே வளர்க்கக் கொடுத்தார்கள். பிறகு அந்தக் காலி இடத்தில் என் நம்பரைப் போட்டேன். அம்மாக்கள் அட்டவணையில் இல்லாத நம்பரைக் கம்ப்யூட்டர் ஏற்காது; அதனால் முதலில் என்னை அங்கே சேர்த்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது.

பாண்டிச்செல்வி பிழைத்து வந்தாள். அவள் எதிரிலேயே தேடிக் காட்டினேன்.

"உங்க நம்பர்ல கொழந்தை ஒண்ணும் இல்லியே."

அது பொய்யில்லை.

"இன்னொரு தடவ பாருங்கக்கா. வலது புருவத்துல தழும்பு இருக்கும்."

ஒன்றரை வருஷம், மாதம் தவறாமல் வந்தாள். உங்கள் ஸ்டேஷனுக்கும் வந்திருக்கிறாள். நீங்கள் போன் போட்டுக் கேட்டதும் என்னிடம்தான். ஒவ்வொரு தடவையும் கையால் தைத்த ஒரு கவுன் கொண்டுவருவாள், முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

"வளந்திருப்பால்ல. கெடைக்கலன்னா வேற புள்ளைக்குப் போடுங்க."

மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவள் போனதும் நான் உள்ளே போய் அழுவேன், சத்தியமாக. நல்ல தையல், வீணாக்க மனம் வரவில்லை. எல்லாமே அதிதிக்கு அளவாக இருந்தன.

போன ஞாயிற்றுக்கிழமை படகுத்துறையில், தான் கடைசியாக வைத்துப்போன மஞ்சள் கவுனைப் பார்த்துத்தான் அவள் ஓடி வந்தாள்.

"ஏட்டி, எஞ் செல்வி!"

தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளை என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"அம்மே, அது ஆரா?"

அதுவரை என்னை ஆண்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றுதான் முதல்முதலாக அம்மா என்றாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார்.