இரண்டு தடவை கேட்ட பாண் ஓட்டோ

களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு இளம்பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“நேத்து நான் ஒராள வேலையால நிப்பாட்டினன். ஆரெண்டு தெரியா.”

“தெரியாம எப்பிடிகா நிப்பாட்டுற?”

“எங்கட கொம்பனி அவ்வளவு கெதியா வளருது. நான் சேர்ந்து மூணு மாசம், அதுக்குள்ள சூப்பவைசர். கஸ்டமரோட கோலில கதைக்கிற வேலை, எல்லாரும் வீட்டில இருந்துதான், கமரா போடுறல்ல. கஸ்டமருக்குச் சொல்ல வச்ச பேர்தான் எங்களுக்கும் தெரியும். அவ பேர் மாயா. மேலிடத்தால அனுப்பின நிப்பாட்டுற கடிதத்தை அவக்குக் கோலில இங்கிலீஷில வாசிச்சன்.”

“மறுகா?”

“வாசிக்கக்குள்ள எங்கட வாசலால பாண் விக்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போச்சு. கொஞ்சத்தால அதே பாட்டு, அதே கரகரத்த ஸ்பீக்கர், ஹெட்ஃபோனுக்குள்ள கேட்டுது.”

மற்றவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“உங்கட ஒழுங்கையிலயா?”

“ஓம். எங்களுக்கு அங்கால நாலு வீடுதான்.”

“அவக்கு உன்னைத் தெரியாதுதானே?”

“பாட்டு முதல்ல என்ட பக்கத்தால, ஹெட்ஃபோனுக்குள்ளதானே அவக்குக் கேட்டிருக்கும். ஓட்டோ தன்ட வாசலுக்கு வந்ததும், அழுதுகொண்டிருந்தவ அழுகையை நிப்பாட்டினவ.”