ஊரில பாத்த வேலை

இல்லைப் பிள்ளை, இந்த வழக்குப் பேப்பரில கையெழுத்து வைக்க ஏலாது. குறை நினைக்காதேங்கோ.

ஓம், கை இன்னும் முழுசா நிமிராது. ரெண்டாயிரத்தி நாலில முறிஞ்சது, ரெண்டு வருசமாச்சு. வேலை முடிஞ்சு டவுன்டவுன் மெட்ரோப் படியில ஏறிக்கொண்டு வந்தனான். ஆரோ நீலச் சட்டைக் கள்ளனைத் தேடி ஒரு பொலிஸ்காரன் ஓடி வந்தவன். என்ர நிறமும் நீலச் சட்டையும் அவனுக்குக் காணும். ஃபிரெஞ்சில என்னவோ கத்தினான். எனக்கு போன்ஜூர், மெர்சி, அவ்வளவுதான். அடையாள அட்டையை எடுப்பமெண்டு பொக்கெற்றுக்குள்ள கையை விட்டன். பாத்தா, சீமெந்தில கிடக்கிறன்.

விளங்குது, சட்டம் படிக்கிற பிள்ளை, வடிவாத்தான் சொல்லுறீங்கள். கடமையில, நல்லெண்ணத்தோட செய்தவன் எண்டு அவனில குற்றம் சாட்டாமல் விட்டிட்டினம். நாங்கள் தனிய வழக்குப் போட்டா வெல்லலாம் எண்டுறீங்கள். என்ர மனுசி செல்வமலரும் அதைத்தான் சொல்லுறா. மூண்டு மாதம் எனக்குத் தன்ர கையால சோறு தீத்தினவ, அவவுக்குக் கோவம் இருக்கும்தானே.

எனக்கோ? முதல் இருந்தது. பேந்து ஒருநாள் புவாண்ட்-கிளேரில, கடை மோலுக்குள்ள அவனைக் கண்டனான். கோப்பிக்கு லைனில நிக்கிறான். என்னை நேர பாத்தான், ஆரெண்டே தெரியேல்ல. நான் திரும்பி வெளியால வந்திட்டன்.

சீ, எனக்கு அவனில பயமில்லை. என்னைக் கோட்டில சாட்சிக்கு ஏத்தினா அவன்ர லோயர் கேப்பான், ஊரில என்ன வேலை பாத்தனீர் எண்டு. அகதி மனுவில கந்தோர் கிளாக் எண்டு எழுதினனான். செல்வமலருக்கும் அதுதான் தெரியும். அவ கடைக்குப் போட்டு வரமுன்னம் சொல்லிப்போடுறன்.

பொலிஸில இருந்தனான். ஒன்பது வருசம்.

கிறகரி எண்டு ஒரு மீன்பிடிகாரன். சந்தேகத்தில கொண்டுவந்தவை. மற்றவை காலமைச் சாப்பாட்டுக்குப் போயிட்டினம், அடிச்சது நான்தான். மத்தியானத்துக்குள்ள ஆள் முடிஞ்சுது. பேந்து சட்டம் ஒண்டு போட்டவங்கள், கடமையில செய்ததுக்கு வழக்கில்லை எண்டு. அந்தச் செய்தியை ரேடியோவில கேட்டிட்டு நல்லா நித்திரை கொண்டனான், பிள்ளை. பொய் சொல்லேல்ல.

அவன்ர தாய் திரேசம்மா ஸ்டேசனுக்கு வந்தவ. ஆர் தம்பி அடிச்சது எண்டு என்னட்டத்தான் கேட்டவ. தெரியாதம்மா எண்டன். வெய்யிலுக்க நிக்கிறா எண்டு ஒரு கிளாஸ் தண்ணி குடுத்தன். குடிச்சிட்டு, நல்லாயிரு ராசா எண்டு சொல்லிப்போட்டுப் போனவ.