வராதவனுக்குப் பதிந்த வருகை

கடற்கரைக் காவல் நிலையத்தில், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குத் தொடங்கிப் பதிவு செய்யப்பட்டது. சாட்சி தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் தமிழிலேயே எழுதினார்.

என் பெயரும் தந்தை பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடி தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது இருபத்து மூன்று. முதுகலை இரண்டாம் பருவ மாணவன். துறைமுகத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், சலவைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. என்னோடு இன்னும் இருவர். ஒருவர் படிப்பை முடித்துவிட்டு ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவர், எங்களில் மூத்தவர், அவரை அண்ணன் என்று கூப்பிடுவோம். இன்னொருவன் என் அறையில் இருப்பவன், என் வகுப்பிலேயே படிப்பவன். இந்த வாக்குமூலம் அவனைப் பற்றியது.

அவனுக்கு வயது இருபத்தாறு. என்னைவிட மூத்தவன் என்றாலும் வாடா போடா என்றுதான் பேசிக்கொள்வோம். ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று மடிப்புக் கலையாத சட்டையும் புது மோதிரமுமாக வாசலில் நின்றான். அண்ணன் கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, பொண்ணு எங்கப்பா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவன் பெயர் மாப்பிள்ளை. பேராசிரியர் ஒருவர்கூட அதுதான் அவன் பெயர் என்று நினைத்து ஒரு மாதம் அப்படியே கூப்பிட்டார், அவனும் திருத்தவில்லை.

முதல் பருவத்தில் அவன் இல்லாமல் எங்களுக்கு எதுவும் நடந்ததில்லை. சனிக்கிழமை மாலைகளில் வகுப்பில் உள்ளவர்கள் கடலோரப் புல்வெளியில் கூடுவோம். எட்டு, பத்து நாட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள். யாராவது பந்து கொண்டுவருவார்கள், யாராவது தின்பண்டம் கொண்டுவருவார்கள். மற்றவர்கள் அவரவர் நாட்டுக்காரரோடு ஒட்டிக்கொள்ள, இவன் மட்டும் கூட்டத்துக்குக் கூட்டம் தாவுவான். பாதி மொழி, பாதி கை ஜாடை. பேராசிரியர் கண்ணாடியைத் துடைப்பதுபோல் நடித்துக் காட்டுவான், எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் கூச்ச சுபாவக்காரன். எனக்கு இந்த ஊரில் கிடைத்த நண்பர்கள் எல்லாரும் அவன் வழியாகக் கிடைத்தவர்கள். இதை அவனிடம் நான் சொன்னதில்லை.

அதன் பிறகு முதல் பருவத் தேர்வு முடிவு வந்தது. மாப்பிள்ளை இரண்டு பாடத்தில் தேறவில்லை. வீட்டில் அக்காவிடம் எல்லாம் பாஸ் என்று சொல்லிவிட்டான். அவனுக்குத் தாய் தந்தை இல்லை, அக்காதான் வளர்த்தவர். புல்வெளியில் ஆளாளுக்கு "நீ எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்த சனிக்கிழமை தலைவலி என்றான். அதற்கடுத்த வாரம் துணி துவைக்க வேண்டும் என்றான். சலவைக் கடைக்கு மேல் குடியிருப்பவன் துணி துவைக்க ஒரு சனிக்கிழமை முழுவதும் வேண்டும் என்றால் அது பொய் என்று எனக்குத் தெரியாதா. தெரிந்தும் சரி என்றேன். அதன் பிறகு வகுப்புக்கும் வருவதை நிறுத்தினான். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். மாலை மூன்று, நான்கு மணிக்கு எழுந்து அலைதடுப்புப் பாறைகள் வரை நடந்துவிட்டு வருவான்.

அதிகாரி நடந்ததை மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நடந்தது இதுதான். எங்கள் வகுப்பறை வாசலில் ஒரு கருவி இருக்கிறது. மாணவர் அட்டையை அதில் தட்டினால் பச்சை விளக்கு எரியும், வருகை பதிவாகிவிடும். வெளிநாட்டு மாணவனுக்கு வருகை எண்பது விழுக்காட்டுக்குக் கீழே போனால் கல்லூரி குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதிவிடும். பிறகு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலையில் அவன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அட்டையைக் கொடுத்தான். "இன்னைக்கு மட்டும்டா" என்றான். வாங்கிக்கொண்டு போய் இரண்டு அட்டையையும் தட்டினேன். யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள், "நீயே வச்சுக்கோ, தினம் எதுக்குக் கேட்டு வாங்கிட்டு" என்றான். அன்றிலிருந்து அது என் பர்ஸில் என் அட்டைக்குப் பின்னால் இருந்தது.

இதைச் செய்யும்போது எனக்குக் குற்றம் செய்கிற நினைப்பு இல்லை. நண்பனைத் தாங்கிப் பிடிக்கிறேன் என்றுதான் நினைத்தேன், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மாலையில் வந்து, "மாப்ள, இன்னைக்கு நீ முன்வரிசைல உக்காந்து ரெண்டு கேள்வி கேட்ட, வாத்தியாரே அசந்துட்டாரு" என்பேன். அவனும் சிரிப்பான். பிறகு சிரிப்பது குறைந்தது, நான் சொல்வது குறையவில்லை.

இந்த வாரம் திங்கட்கிழமை நான் கல்லூரியிலிருந்து மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் முறைப் பட்டியலின்படி அன்று என் முறை. எதற்கு நீ கழுவுகிறாய் என்று கேட்டதற்கு, சும்மாதான் இருக்கிறேன் என்றான். அடுப்பையும் துடைத்து வைத்திருந்தான். பிறகு கையைத் துடைத்துவிட்டு, சாம்பல் நிறக் குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, ரப்பர் செருப்போடு, "காத்து வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினான். கைபேசி சன்னலோரம் சார்ஜில் கிடந்தது. நான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினேன். அவனை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அன்று அவன் திரும்பவில்லை. முன்பு ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல், இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள ஊருக்குப் போய்ப் பழைய தோழன் ஒருவனோடு இரண்டு நாள் தங்கிவிட்டு வந்திருக்கிறான். இப்போதும் அப்படித்தான் என்று நினைத்தேன், அண்ணனிடமும் அப்படியே சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் இரண்டு அட்டையையும் தட்டினேன். அன்று மாலை அந்தத் தோழனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அங்கே வரவில்லை என்றான். அதன் பிறகு அவனுடைய அக்கா என்னைக் கூப்பிட்டார். தம்பி போனை எடுக்கவில்லை என்றார். நூலகத்தில் இருப்பான் அக்கா என்றேன்.

புதன்கிழமை அக்கா இந்தக் காவல் நிலையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து, தனக்குத் தெரிந்த மொழியில் தம்பியைக் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவன் அன்றும் வரவில்லை. நான் அன்றும் அட்டையைத் தட்டினேன். வியாழனும் தட்டினேன். காணாமல் போனவன் என்று தெரிந்த பிறகும் ஏன் தட்டினாய் என்று அதிகாரி கேட்டார். பயம் ஒரு காரணம். திடீரென்று நிறுத்தினால் இத்தனை நாள் தட்டியது யார் என்று கேள்வி வரும், என் படிப்பும் போய்விடும். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்றும் தோன்றியது. இன்னொரு காரணமும் உண்டு, சொன்னால் கிறுக்குத்தனமாக இருக்கும். பச்சை விளக்கு எரிகிற வரை அவன் எங்கேயோ இருக்கிறான் என்பதுபோல் எனக்கு இருந்தது. தட்டாமல் விட்டால் அவன் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்று பயந்தேன்.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அக்கா மறுபடி கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. "தம்பி, போலீஸ்ல காலேஜைக் கேட்டாங்களாம். செவ்வா, புதன், இன்னைக்கு, மூணு நாளும் ஒன்பது மணிக்கெல்லாம் வகுப்புல இருந்திருக்கானாம். என்கிட்டதான் ஏதோ கோவம் போல. இருக்கட்டும், எங்க இருந்தாலும் நல்லா இருந்தா சரி. இப்பதான் ஒரு வாய் சாப்பிட்டேன்" என்றார். நான் ம் என்றேன். போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "இதுக்கு மேல என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? சொல்ல வேண்டிய இடத்துல போய்ச் சொல்லு" என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்பறை வாசல் வரை போனேன். என் அட்டையைத் தட்டவில்லை, அவனுடையதையும் தட்டவில்லை. பேருந்து பிடித்து நேராக இங்கே வந்து, முகப்பு மேசையில் இருந்த பெண் அதிகாரியிடம் இரண்டையும் வைத்து, இந்த ஆள் திங்கட்கிழமை மூன்றரை மணிக்குப் பிறகு எங்கேயும் வரவில்லை, வந்ததாகக் காட்டியது நான் என்று சொன்னேன். ஆறு வாரத்தில் இருபத்தொன்பது முறை என்ற கணக்கையும் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. மேசையிலிருந்த காகிதங்களைப் புரட்டி ஒன்றை எடுத்தார். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு, தூண்டில் போட வந்த ஒருவர் அலைதடுப்புப் பாறைகளின் இடுக்கில் ஒரு ஆளைப் பார்த்துத் தகவல் கொடுத்திருக்கிறார். தலையிலும் இடுப்பிலும் அடி, நினைவில்லை. வயது முப்பதுக்குள். சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை. கைபேசி இல்லை, அடையாள அட்டை இல்லை. பெயர் தெரியாதவர் என்று பொது மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். இந்தக் காகிதமும் அக்காவின் புகாரும் புதன்கிழமையிலிருந்து இதே மேசையில்தான் கிடந்தன என்று அதிகாரி சொன்னார். வகுப்பில் இருக்கிற ஒருவனை மருத்துவமனையில் யார் தேடுவார்கள் என்று கேட்டார்.

அதன் பிறகு அவரே என்னை வண்டியில் அழைத்துப் போனார். போகிற வழியெல்லாம் அது அவனாக இருக்க வேண்டும் என்றும் அவனாக இருக்கக் கூடாது என்றும் மாறி மாறி வேண்டிக்கொண்டேன். நான்காம் மாடியில் கடைசிக் கட்டில். தலையில் ஒரு பக்கம் முடியை மழித்திருந்தார்கள், முகம் வீங்கியிருந்தது. விடைத்து நிற்கும் அந்தக் காதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளைதான். கட்டிலில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எண் இருந்தது. உயிருக்கு ஆபத்தான கட்டத்தை நேற்றே தாண்டிவிட்டான் என்றும், மருந்து மயக்கத்தில் இருக்கிறான் என்றும், பேச ஓரிரு நாள் ஆகலாம் என்றும் மருத்துவர் சொன்னார். கால் இடறி விழுந்தானா, வேறு விதமா என்று எனக்குத் தெரியாது. அதை அவன்தான் சொல்ல வேண்டும், நான் ஊகித்துச் சொல்ல மாட்டேன்.

செவிலியர் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? தெரியவில்லை. முன்பு ஏதாவது நோய்? தெரியவில்லை. தூக்கமில்லாமல் இருந்தாரா, மனக்கஷ்டம் ஏதாவது சொன்னாரா? சொல்லவில்லை என்றேன், பிறகு நான் கேட்கவில்லை என்று திருத்திச் சொன்னேன். அவனுடைய மாணவர் எண் ஒன்பது இலக்கமும் எனக்கு மனப்பாடம். அதை அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு தாழ்வாரத்தில் நின்று, அதிகாரியின் அனுமதியோடு அக்காவைக் கூப்பிட்டேன். தம்பி உயிரோடு இருக்கிறான் என்பதை முதலில் சொன்னேன். அடுத்து அட்டை விஷயத்தை முதலிலிருந்து சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அழுது முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஆறு வாரமா தினமும் காலையில அவன் அட்டையைக் கூட்டிட்டுப் போயிருக்க. ஒரு நாளாவது அவனைக் கூட்டிட்டுப் போகலாம்னு தோணலையா தம்பி?"

"தோணலக்கா" என்றேன். அதுதான் உண்மை. வாடா போகலாம் என்று போர்வையை இழுத்திருந்தால் அவன் வந்திருப்பானா, மாட்டானா, எனக்குத் தெரியாது. ஒரு முறைகூட நான் இழுத்துப் பார்க்கவில்லை.

இந்தக் கேள்வியும் பதிலும் வழக்குக்குத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன். கல்லூரிக்குத் தகவல் போகும் என்றும் இந்த நாட்டில் தங்கிப் படிக்கும் என் அனுமதி ரத்தாகலாம் என்றும் எனக்கு விளக்கப்பட்டது, புரிந்தது. யாருடைய கட்டாயமும் இல்லாமல் நானாக வந்து சொன்னவை இவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கூட்டியது ஒன்றுமில்லை, மறைத்ததும் இனி ஒன்றுமில்லை.

சாட்சியின் கையொப்பம்
மொழிபெயர்ப்பாளரின் கையொப்பம்
பதிவு செய்த அதிகாரியின் கையொப்பம், மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம்