கிளிப் விழுந்த சத்தம்

மாலை ஐந்தேகால். ஆர்விட் பனியில் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு ஓடினான்.

மான் ஏற்றுகிற பலகை. அன்று அதில் கிடந்தது மான் இல்லை... அவன் தங்கை புருஷன் லோர்ன். மேலே கித்தான் போர்த்தியிருந்தது. அதற்குள்ளிருந்து, கொதிக்கிற கஞ்சி மாதிரி, 'களக்... களக்' என்று மூச்சு. பெரிய சாலைக்கு இன்னும் இரண்டு மைல். மரம் வெட்டுகிறவர்கள் விட்டுப்போன பழைய தடம். இருபுறமும் சேற்றுக்காடு. ஆள் அரவமே கிடையாது.

பின்னாலேயே நாய். வெளியே தொங்கிய லோர்னின் கையை நக்கிக்கொண்டே வந்தது. ரத்தத்தை அல்ல. விரல்களில் அப்பியிருந்த மஞ்சள் கிரீஸை.

அடுப்புக் கதவைக் கொஞ்சம் சாத்துங்கள், சொல்கிறேன். கறி அடைத்த பேஸ்டி ரொட்டி தின்கிறவர்கள் இப்போதே தின்று முடித்துவிடுங்கள், அப்புறம் தொண்டையில் இறங்காது. இதோ, மூலையில் பூட்ஸைக் காயவைத்துக்கொண்டு இருக்கிறானே ரே, அவனுடைய சித்தப்பாதான் ஆர்விட்.

அறுபத்தொன்றாம் வருஷம். நம் இரும்புக்கடை வாசலில் ஒரு மரப் பீப்பாய். அதில் இத்தாலிப் பட்டாளம் கழித்துப்போட்ட துப்பாக்கிகளை விளக்குமாறு மாதிரி சொருகி வைத்திருந்தார்கள். ஒருவரும் சீந்தவில்லை. ஆர்விட் மட்டும் ஒன்றை வாங்கினான்.

லோர்ன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன மச்சான், மக்ரோனி கிண்டறதுக்கா? இதால சுட்டா மான் குண்டடி பட்டுச் சாகாது, சிரிச்சே சாகும்!"

"நீ உன் உலக்கைத் துப்பாக்கிய தூக்கிக்கிட்டு செடார் காட்டுக்குள்ள வா மாப்ளே. கிளையில மாட்டித் தொங்குவே பாரு, அப்ப வந்து அவுத்து விடறேன்."

ஆர்விட் சொன்னதில் நியாயம் இருந்தது. கைத்தடிக் கனம்தான். நெருக்கமான புதருக்குள் தோளுக்கு ஏற்றினால் ஓர் இலை அசையாது. முப்பது கெஜத்தில் வைத்த இடத்தில் அடித்தது. முதல் வருஷமே இரண்டு மான். ராத்திரி படுக்கும்போதுகூட அதைக் கைக்கெட்டும் தூரத்தில் சாத்திவைத்தான்.

ஒரே கோளாறு... கிரீஸ்.

கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்க அப்பியது. காய்ந்த சளி மாதிரி மஞ்சளாக, கெட்டியாக. வெந்நீர் ஊற்றினான். பெட்ரோல் விட்டுத் தேய்த்தான். கடைசியில் நீராவிக் குளியலறை, அதுதான் சவுனா, அதன் மேல் பலகையில் கிடத்தி, மனுஷனுக்கு வியர்க்க வைப்பது போல வியர்க்க வைத்தான். துப்பாக்கியின் மரக்கட்டையிலிருந்து கிரீஸ் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மூன்று வாரம் அந்தச் சவுனாவில் யாரும் குளிக்கவில்லை. ராத்திரி துடைத்து வைப்பான். காலையில் கட்டை மறுபடி கசிந்திருக்கும்.

வாடையும் மாறியது. முதலில் மண்ணெண்ணெய். பிறகு ஊசிப்போன பன்றிக் கொழுப்பு. பிறகு... கருகிய மயிர். நாய் வந்து கட்டையை நக்க ஆரம்பித்தது. மண்ணெண்ணெய் கிரீஸை எந்த நாய் நக்கும்?

இரண்டாம் வருஷம், வேட்டை தொடங்கிய நாள். காலையில் ஆர்விட் ஒரு மான் சுட்டான். மாலை நாலு மணிக்கு வேட்டைக் குடிசையில், "காலிதான் மாப்ளே, சுவத்துல சாத்திடு" என்று துப்பாக்கியை லோர்னிடம் கொடுத்துவிட்டு, குடல் எடுக்க வெளியே போனான். முழங்கைவரை மானின் வயிற்றுக்குள் இருந்தபோது அறைக்குள் வெடித்தது.

லோர்ன் பிழைத்தான். கீழ்த் தாடைதான் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை ஹெல்மி ஆர்விட்டின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீதானேடா காலின்னு குடுத்தே? கஞ்சி ஊத்துறேன், பாதி கழுத்து வழியா வழியுது. வந்து தொடை! உன் மாப்ளதானே, வந்து தொடை!"

"சத்தியமா காலிதான் ஹெல்மி. காலையில ஒரே குண்டு. அதையும் சுட்டுட்டேன்."

லோர்ன் சிலேட்டில் எழுதிக் காட்டினான்: 'குழாய் நுனியில் கிரீஸ் சொட்டியது. போல்ட்டை இழுத்து அடைத்தேன். கிளிப் விழுந்தது. காலி என்று நினைத்துக் குழாய் நுனியை முகர்ந்து பார்த்தேன். கை வழுக்கிக் கட்டை தரையில் மோதியது.'

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லோர்ன் நம் பட்டாளத்தில் இருந்தவன். நம் பட்டாளத்துத் துப்பாக்கியில் கடைசிக் குண்டு சுட்டபிறகுதான் கிளிப் 'க்ளிங்' என்று தெறிக்கும். சத்தம் கேட்டால் காலி. இத்தாலிக்காரனுடையதில் அப்படி இல்லை. ஆறு குண்டைத் தகட்டுக் கிளிப்போடு உள்ளே தள்ள வேண்டும். கடைசிக் குண்டு குழாய்க்குள் ஏறிய நொடியில் வெறும் கிளிப் அடி ஓட்டை வழியே விழும். அங்கே 'க்ளிங்' என்றால்... இன்னும் ஒன்று இருக்கிறது.

ஊருக்கு அது போதும். குண்டு போட்ட துப்பாக்கியைக் கொடுத்தவன் ஆர்விட். ஹெல்மி அதற்குப் பிறகு அண்ணன் முகத்தில் விழிக்கவே இல்லை. சாகிறவரை.

"கிளிப்பா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான் ஆர்விட். "என்ன கிளிப்பு?"

துணை ஷெரிஃபாக இருந்தவர் என் அப்பா. மூன்றாம் நாள் அந்த அறையைப் பார்க்கப் போனார். அடுப்பு அணைந்து மூன்று நாள். வாளித் தண்ணீர் அடிவரை பனிக்கட்டி. கட்டிலுக்கடியில் கிடந்தது கிளிப். ஆர்விட் மாட்டினான் என்று எடுத்துக்கொண்டு நேரே இரும்புக்கடைக்குப் போனார்.

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கிருந்து வந்துச்சு? அந்தப் பீப்பாய எவனும் தொடாததே இதனாலதானே! கிளிப் ஒன்னுகூட வரல சார். நானும் எழுதிப் போட்டேன், ஊர் ஊராக் கேட்டேன். ஆர்விட்டு ஒவ்வொரு குண்டாக் கையாலதான் திணிப்பான்."

அப்பா ஆர்விட்டை விட்டுவிட்டார். ஆர்விட் ஏரிப் பனியில் துளை போட்டுத் துப்பாக்கியை இறக்கிவிட்டான். ரே, சரிதானே? சரி.

ஆனால் அப்பா அறிக்கையில் ஒன்றை எழுதவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னார். அன்றைக்கும் வலது கையைப் போர்த்தியிருந்த கம்பளியில் தேய்த்துக்கொண்டேதான் இருந்தார்.

"தண்ணி உறைஞ்ச அறைடா அது. கிளிப்ப எடுத்தேன்... கிரீஸ் உருகி என் விரல் வழியா ஒழுகுச்சு. கிளிப்பு கதகதன்னு இருந்துச்சுடா. அதுவரைக்கும் யாரோ அதை வாயில அடக்கி வச்சிருந்த மாதிரி."