ஏழாவது கிண்ணம்

கேக் செய்கிறவர்களில் பாதிப் பேர் மாவைக் கொட்டிய பிறகுதான் வீட்டில் முட்டை இருக்கிறதா என்று தேடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இருபத்தாறு வருடம் அறுவை அரங்கில் கத்தி, கத்தரி, பஞ்சு எல்லாவற்றையும் எண்ணித் தட்டில் அடுக்கிக் கொடுத்த நர்ஸ் நான். நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக அந்த ஞாயிற்றுக்கிழமையையும் வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் மேடையைத் துடைப்பேன். பிறகு கிண்ணங்கள், இடமிருந்து வலமாக: மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, பேக்கிங் பவுடர், ஆரஞ்சுத் தோல் துருவல். காலியானதும் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்ந்திருந்தால் போட்டாயிற்று, நிமிர்ந்திருந்தால் போடவில்லை. நடுவில் யார் கூப்பிட்டாலும் குழப்பம் வராது. இதை என்னிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவன் தம்பி ஒருவன்தான். கற்றுக்கொள்ள வேறு ஆளும் இல்லை. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு.

சில நாள்களில் ஏழாவதாக ஒரு சின்னக் கிண்ணமும் இருக்கும்.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், கெட்டிக்காரன். மூன்று முறை வெளியூரில் வேலை வந்தது. மூன்று முறையும் புறப்படுகிற நேரத்தில் படுத்துவிட்டான். வாந்தி, மயக்கம், எழுந்து நிற்க முடியாத சோர்வு. நான் லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன். "நீ இல்லன்னா நான் என்ன ஆவேனோ" என்பான். அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைப் பொடித்து அந்தச் சின்னக் கிண்ணத்தில் அரைக் கரண்டிதான் போடுவேன். அதற்கு மேல் ஒரு சிட்டிகைகூடப் போட்டதில்லை.

இந்த முறை ஒரு பெண்ணும் சேர்ந்துகொண்டாள். கல்யாணத்தைப் பதிவு செய்தாயிற்று, திங்கட்கிழமை விமானம். குறை சொல்லமாட்டேன், நல்ல பெண், வாய் நிறைய அண்ணி என்று கூப்பிடுவாள். ஆனால் ஒருமுறை அவன் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு மாதம் தனியாக இருந்து பார்த்திருக்கிறேன். ட்யூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் என் செருப்புச் சத்தத்துக்கு நானே திடுக்கிடுவேன். ரேடியோவோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டேன்.

சனிக்கிழமை அவன் சொன்னான், "இந்த வாட்டி காய்ச்சலே வந்தாலும் கிளம்பிடுவேன்கா. வீல்சேர்ல தள்ளிக்கிட்டாவது கூட்டிட்டுப் போயிடுவா." சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அரைக் கரண்டியோடு நிறுத்தவில்லை. மிச்சமிருந்த மாத்திரை முழுவதையும் பொடித்துக் கிண்ணத்தில் வைத்தேன். எவ்வளவு போடுவது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அப்போது பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவரோடு பேசி அனுப்பிவிட்டுத் திரும்பினால், தம்பி என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மாவுக் கலவையைக் கிண்டிக்கொண்டிருக்கிறான். மேடையில் ஏழு கிண்ணங்களும் கவிழ்ந்திருந்தன.

"எல்லாம் போட்டாச்சுக்கா. போறதுக்கு முன்னாடி ஒரு நாளாவது உனக்கு ஒத்தாசையா இருக்கலாமேன்னுதான்."

அந்தச் சின்னக் கிண்ணத்தில் இருந்ததை உப்பு என்று நினைத்திருப்பான். அவ்வளவும் ஒருவர் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொட்டிவிட்டு வேறு கலக்கியிருக்கலாம். முட்டை இருந்தது, வெண்ணெயும் இருந்தது. நான் "சமத்து" என்று சொல்லிவிட்டு, கலவையை அச்சில் ஊற்றி ஓவனில் வைத்தேன்.

சின்னக் கேக்தான். தட்டில் வைத்ததையெல்லாம் தின்றான். கொஞ்சம் கசக்கிறது என்றான். தோல் துருவல் கூடிவிட்டது என்றேன். சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிப்போனான். போர்வை போர்த்திவிட்டு, பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்து கதவைத் தட்டினாள். தூங்குகிறான், எழுப்ப வேண்டாம் என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினேன். அப்போது அவன் கை சில்லிட ஆரம்பித்திருந்தது.

நான் ஏன் ஒரு துண்டுகூடத் தின்னவில்லை என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். நானும் படுத்துவிட்டால், எழுந்ததும் அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?