ரேமோன் அனுப்புன ரெண்டாவது பிளாப்பி

இல்ல தம்பி, நீங்களும் கரண்டு மேலதான் பழியப் போடப்போறீங்க, எனக்குத் தெரியாதா... நாகப்பட்டணத்துலேந்து இந்த மிசின ரிப்பேரு பாக்க வந்தவரு அப்படித்தான் சொன்னாரு, காப்பியக் குடிச்சாரு, போயிட்டாரு. அவருக்கு முன்னாடி வந்தவரு, இது பிரெஞ்சு கம்ப்யூட்டரும்மா, நம்ம ஊருக்கு ஒத்துக்கலன்னாரு. ஏன், எங்க வீட்டுக்காரருகூட பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா இருந்தவருதான். அவருக்கு ஒத்துக்கலையா? கருக்களாச்சேரி மத்தி மீனு வந்துட்டா சட்டியில கொழம்பு மிஞ்ச மாட்டேங்குது!

உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க... அது ஆடும், இந்த நாற்காலியில உக்காருங்க. கீழ ஒரு மிசினு, மாடியில ஒரு மிசினு, நடுவுல ஒயரு. எங்க மவன் ரேமோன் லீவுல வந்தப்ப இழுத்த ஒயரு. இப்ப பாரீசுலேந்து புரோகிராமு ஏத்தி ரெண்டு பிளாப்பி அனுப்பியிருக்கான். அத இதுல ஏத்திட்டா, மாடி மிசினு ஓடுதா, ஒயரு அறுந்திருக்கா, எல்லாம் இங்கேந்தே தெரியுமாம். மாடியில அவரு என்ன பண்றாருன்னு தெரிய எனக்குக் கம்ப்யூட்டரு எதுக்கு தம்பி? கீழேந்து ஒரு கொரல் குடுப்பேன். தூங்கலன்னு சொல்லுவாரு. தூங்குறாருன்னு தெரிஞ்சிடும்.

ஆனா ரேமோன் சொல்லிட்டான்... இது ஓடுச்சுன்னா வேலைய விட்டுட்டு வந்து இந்தக் கூடத்துலயே கம்ப்யூட்டர் கிளாசு வைக்கிறேன், ஓடலன்னா அங்கேயே வீடு வாங்கிடுறேன்னு. அதுலேந்து எனக்குச் சோறு எறங்கல. மாதாகிட்ட சொன்னது போதாதுன்னு அம்பகரத்தூர் காளிக்கும் வேண்டிக்கிட்டேன். மாதா கோயில் சாமியார்கிட்ட சொல்லிடாதீங்க.

மொத பிளாப்பி நல்லாத்தான் போவுது... ரெண்டாவதப் போட்டா, கேட்டீங்களா, கர்ர்ருன்னு பல்லக் கடிக்குது! மட்டமான சரக்கா பாத்து வாங்கிட்டானோன்னு... ஏன் தம்பி, அத வெளிச்சத்துல தூக்கிப் பாக்குறீங்க?

ஓட்டையா? எங்க?

...ஓ, அதுவா. அது நான் போட்டதுதான்.

பாரீசுலேந்து எது வந்தாலும் அடுக்களைக் கம்பியில குத்தி மாட்டிடுவேன் தம்பி. இத்தன வருசத்துல ஒரு கடுதாசி தொலைஞ்சதில்ல, இந்த மரி-ரோஸக் குத்தம் சொல்ல முடியாது! மொத கவர அவரு வாங்கிட்டு மாடிக்குப் போயிட்டாரு, அது தப்பிச்சிது. ரெண்டாவது கவரு வந்தப்ப அவரு தூங்கிட்டாரு... நான்தான் வாங்குனேன். கவரு தடிமனா இருந்துச்சு, கம்பி எறங்கல. அம்மிக் கொழவியால ஒரு தட்டு தட்டினேன். எறங்கிடுச்சு.

என்ன, பையை மூடுறீங்க? வேற அனுப்பச் சொல்லி எழுதணுமா?

எழுதுறேன்... இல்ல தம்பி, தபால்ல வேணாம். அவனையே கையில எடுத்துக்கிட்டு வரச் சொல்றேன். ஒடச்சது அம்மாதான்னும் எழுதிப்புடுறேன். என்னயத் திட்டுறதுக்காவது வரட்டும்.