நன்றாகத் தூங்குபவர் தேவை

நெவேனா: அதுக்குள்ள ஆஸ்பத்திரியை விட்டு வெளிய வந்துட்ட? என்னை மத்தியானம் வரைக்கும் விடலையே.

ஷிவ்கோ: நல்லாத் தூங்குறவன்கிட்ட சோதிக்க என்ன இருக்கு? போயிட்டு வாங்கன்னுட்டாங்க. கொஞ்சம் நகரு... பனித்சாவா அது?

நெவேனா: உனக்கும் சேத்துத்தான் வாங்கினேன். உள்ள பாலாடைக்கட்டி கொதிக்குது, பாத்துக் கடி.

ஷிவ்கோ: முதல்ல நீ சொல்லு. ஊசி போட்டாங்களா?

நெவேனா: ஊசின்னாகூடப் பரவால்ல. வெள்ளைக் கோட்டு போட்ட ரெண்டு பேர் முன்னாடி நிக்க வெச்சாங்க. ஏதோ ஒரு வேலைக்கு நேர்காணல்னு பாவனை பண்ணி, அதுக்கு நான்தான் பொருத்தம்னு நானே பேசணுமாம். பேசுறேன், பேசுறேன்... அந்த ரெண்டு மூஞ்சியும் அசையவே இல்ல.

ஷிவ்கோ: உங்க அம்மா மாதிரி.

நெவேனா: வாயை மூடு. அப்புறம் பெரிய எண்ணு ஒண்ணு குடுத்து, பதிமூணு பதிமூணா கழிச்சுட்டே வரச் சொன்னாங்க. தப்பு விட்டா மறுபடி முதல்லேர்ந்து. நடுநடுவுல பஞ்சை மெல்லச் சொல்லி எச்சில் எடுத்தாங்க.

ஷிவ்கோ: எச்சில்ல என்ன கிடைக்கும்?

நெவேனா: பதட்டம் வந்தா உடம்புல ஏதோ சுரக்குமாம், அது எச்சில்ல தெரியுமாம். முடிவு வர நாளாகும். நாடியை மட்டும் பாத்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க... பேசச் சொன்னப்ப எனக்குத் துடிப்பு ஏறவே இல்லையாம்.

ஷிவ்கோ: அப்புறம் என்ன. தைரியசாலி.

நெவேனா: நானும் அப்படித்தான் நெனச்சேன். இல்லையாம். வந்து சும்மா உக்காந்திருந்தப்பவே அது உச்சியிலதான் நின்னுச்சாம். அதுக்கு மேல ஏற எங்க இடம்? உங்க உடம்பு ராப்பகலா காவல் நிக்குதுன்னாங்க.

ஷிவ்கோ: அதான் ராத்திரியில உனக்குத் தூக்கமே வர்றதில்லை போல.

நெவேனா: அன்னிக்கு டிராம் ஓட்டினப்பவும் உடம்பு அப்படித்தான் இருந்துச்சு. சிவப்பு விளக்கைப் பாத்தேன், ஷிவ்கோ. பாத்தும் எனக்குப் பதறவே இல்ல. அந்தப் பொம்பளை தள்ளுவண்டியோட தண்டவாளத்துல கால் வெச்சதுக்கு அப்புறம்தான் கை பிரேக்குக்குப் போச்சு. அவ பிழைச்சது அவ சாமர்த்தியம். அன்னிக்கே டிப்போவுல டிராம் சாவியைக் குடுத்துட்டேன்.

ஷிவ்கோ: திரும்ப வாங்கிடலாம்.

நெவேனா: வாங்கத்தான் போறேன். ஒரு பயிற்சி தர்றாங்க. தூக்கம் வரலன்னா படுக்கையில கிடக்கக் கூடாது, எழுந்து வேற அறைக்குப் போயிடணும். எப்பத் தூங்கினாலும் காலையில ஒரே நேரத்துக்கு எழுந்திருக்கணும். பகல்ல கண்ணை மூடவே கூடாது. ஆரம்பத்துல செத்துடலாம் போல இருக்குமாம். செய்றேன்னு சொல்லிட்டேன்... சரி, உன் கதைக்கு வா.

ஷிவ்கோ: அதான் சொன்னேனே.

நெவேனா: ஒண்ணுமே சொல்லல. தூக்கத்தை அளக்க மணிக்கட்டுல ஒரு பட்டை கட்டி அனுப்பினாங்களே, அதுல என்ன தெரிஞ்சுதாம்?

ஷிவ்கோ: பட்டை கெட்டுப்போச்சு போல. விடேன். ஒப்பிட்டுப் பாக்க நல்லாத் தூங்குற ஆள் கிடைக்கலன்னு டாக்டரம்மா உன்கிட்ட கெஞ்சினாங்கன்னு சொன்னதாலதான் வந்தேன்.

நெவேனா: அங்க தெரியுற மலையையே பாத்துட்டிருக்காத. என்னைப் பாரு.

ஷிவ்கோ: ...என்னை எடுத்துக்கல.

நெவேனா: ஏன்?

ஷிவ்கோ: அவங்களுக்குத் தூங்குற ஆள்தான் வேணுமாம்.

நெவேனா: நீ தூங்குற ஆள்தானே?

ஷிவ்கோ: நீ சாவியைக் குடுத்ததுலேர்ந்தே நானும் தூங்கல, நெவேனா. ரெண்டு பேரும் முழிச்சிருந்தா அந்தப் பாரமும் உன் தலையிலதான் விழும். ஒருத்தனாவது தூங்குறான்னு நீ நெனச்சுக்கட்டும்னு... குறட்டைகூட விட்டுப் பாத்தேன்.

நெவேனா: அப்படியே எழுந்து வேலைக்குப் போய், லிப்ட் ரிப்பேர் பாக்கக் குழிக்குள்ள தொங்கின.

ஷிவ்கோ: இடுப்புல கயிறு இருக்கே.

நெவேனா: கயித்தை மாட்டுறது யாரு? நீதானே.

ஷிவ்கோ: இப்ப என்ன செய்யச் சொல்ற?

நெவேனா: மேஸ்திரிக்கு போன் போடு. கொஞ்ச நாளைக்குக் குழிக்குள்ள இறங்கமாட்டேன், பட்டறையிலயே வேலை குடுங்கன்னு கேளு. பயிற்சிக்கும் என்கூட வர்ற.

ஷிவ்கோ: பசங்க சிரிப்பானுங்க.

நெவேனா: டிப்போவுல என்னையும்தான் சிரிச்சாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். நீ உசிரோட வீட்டுக்கு வந்தாப் போதும்.

ஷிவ்கோ: சாயந்திரமா பேசுறேன்.

நெவேனா: இப்பவே.

ஷிவ்கோ: வாயில இருக்கிறதை முழுங்கவாவது விடு... சரி, சரி, போடுறேன். உனக்குக் கோவமே வரலையா? இவ்வளவு நாளா உன்னை ஏமாத்தியிருக்கேன்.

நெவேனா: ஏமாந்திருந்தாத்தானே கோவம் வரும்? நிஜமாத் தூங்குறப்ப நீ குறட்டை விடமாட்ட, ஷிவ்கோ. நேர்ல கேட்டா ஒத்துக்கமாட்டன்னு தெரியும். டாக்டரம்மா என்கிட்ட ஆள் கேக்கவே இல்ல. நானாப் போய்த்தான் உன் பேரைக் குடுத்தேன்.